எழுபத்தொன்பதாம் எண் வில்லை

காலரக்கா தன் எழுபத்தெட்டாம் எண் வில்லையைத் திருப்பி மாட்டினாள். அதே கையோடு பக்கத்துக் கொக்கியில் தொங்கிய எழுபத்தொன்பதையும் திருப்பி மாட்டினாள். எழுபத்தொன்பது அவளுடைய நாத்தனாருக்கு உரியது. நாத்தனார் இன்னும் தீவில் இருக்கிறாள் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான், "நீங்க முன்னால போங்க அண்ணி, நான் அந்தப் பக்கம் போய்ப் பறவைக் கூட்டையெல்லாம் பாத்துட்டு அடுத்த படகுல வரேன்" என்று கரையில் நின்று கையாட்டி அனுப்பினாள். எல்லாம் தெரிந்தும் வில்லையைத் திருப்பினாள். திருப்பியது மட்டும் அவளுக்குத் தெரியாது.

இதென்ன கூத்து என்று கேட்பவர்களுக்கு அந்தக் கையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் சட்டைக்குக் காலர் தைத்தவள் அவள். ஒரு நாளைக்கு நானூறு காலர். அதனால் காலரக்கா. கட்டின புருஷனே, "காலரக்கா, குடையை எங்கே வச்சே?" என்றுதான் கேட்பார், பெண்டாட்டியை அக்கா என்கிறோமே என்ற கூச்சம் அந்த மனுஷருக்கு ஒருநாளும் வந்ததில்லை. அவருடைய தங்கை அதே கம்பெனியில், அதே வரிசையில், நாலு மிஷின் தள்ளி உட்கார்ந்து பொத்தான் நுழையும் ஓட்டைகளைப் போட்டுத் தள்ளினாள். தையல்காரர்கள் அந்த ஓட்டையைக் காஜா என்பார்கள். ஆகவே அவள் காஜா. இருவருக்கும் சம்பளச் சீட்டில் வேறு பெயர்கள் இருந்தன; அவற்றை வேறு யாரும் தேடியதில்லை.

கம்பெனி வாசலில் ஒரு கடிகாரப் பெட்டி இருந்தது. கார்டை அதன் வாயில் செருகினால் டக்கென்று நேரத்தை அடித்துத் துப்பும். ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் அரை நாள் போச்சு. அவரவர் கார்டை அவரவர்தான் அடிக்க வேண்டும், இன்னொருத்தருக்கு அடித்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும் என்று பெட்டிக்கு மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்த எழுத்துக்குக் கீழே நின்றுகொண்டுதான், முதலில் வருகிறவள் இருவர் கார்டையும் அடிப்பாள். இதை அவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததே இல்லை. ஒருத்திக்குப் பிள்ளை அழும், இன்னொருத்தி வீட்டுக் குழாயில் தண்ணீர் தாமதமாக வரும். பக்கத்துப் பக்கத்துக் கார்டுகள். டக், டக். வேலையை விட்டு ஒன்றரை வருஷம் ஆகியும் கை அதை மறக்கவில்லை என்பது கப்பலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கப்பலுக்கு அவர்கள் வந்தது மகளால். காலரக்காவின் மகள் அந்தக் கப்பலில் சலவைப் பிரிவை மேய்க்கிறவள். அவளைப் போன்றவர்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, வீட்டு ஆட்கள் இரண்டு பேரை அழைத்துவரச் சலுகை உண்டு. "பஸ்ல ஜன்னல் சீட்டு கிடைக்கலன்னாலே எனக்குக் குடலைப் புரட்டும். பதினோரு நாள் தண்ணியில என்னை மிதக்க விடாதீங்க, என் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்க" என்று புருஷன் கும்பிட்டுவிட்டார். அப்படித்தான் காலரக்காவும் காஜாவும், இரண்டு நாள் கரையே கண்ணில் படாத கடலைத் தாண்டி, ஆளில்லாத அந்தத் தீவுக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். செங்குத்தான பாறை, புல், கணக்கில்லாத பறவைகள், பூட்டிக் கிடக்கும் ஒரே ஒரு தகரக் கொட்டகை. பார்க்க வேறொன்றும் இல்லை. காஜாவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முப்பது வருஷம் ஊசி முனையையே பார்த்த கண். தூரத்தில் எதைக் காட்டினாலும் வாயைப் பிளந்தாள்.

கப்பல் சின்னது. தொண்ணூற்றாறு பயணிகள். தீவுக்கு ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கொண்டுபோய் இறக்குவார்கள். படகில் ஏறும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் தொண்ணூற்றாறு கொக்கிகள், கொக்கிக்கு ஒரு வில்லை. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. போகும்போது சிவப்பு, வந்ததும் பச்சை. பலகை முழுக்கப் பச்சையாகிவிட்டால் எல்லோரும் வந்தாயிற்று, நங்கூரத்தைத் தூக்கலாம்.

முதல் நாள் வழிகாட்டிப் பெண், வெயிலில் மூக்குத் தோல் உரிந்துபோனவள், எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "தீவுல திடீர்னு மூடுபனி இறங்கும். இறங்கினா ஒரு அடிகூட நகராதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க, நாங்க தேடி வருவோம். அப்புறம், உங்க வில்லையை நீங்க மட்டும்தான் திருப்பணும். புருஷனுக்குப் பொண்டாட்டி, பொண்டாட்டிக்குப் புருஷன், அதெல்லாம் கூடவே கூடாது." காலரக்கா பலமாகத் தலையை ஆட்டினாள். கம்பெனியிலும் இப்படித்தான் ஆட்டுவாள்.

முதல் இரண்டு தீவுகளிலும் இருவரும் ஒன்றாகவே திரும்பினார்கள். அப்போதும் அவள் கை இரண்டு வில்லைகளையும்தான் திருப்பியது. பின்னால் வந்த காஜா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இங்கேயுமா அண்ணி?" என்றாள். "போடி, பழக்கம் விடுமா" என்றாள் இவள். பேச்சு அதோடு முடிந்தது.

மூன்றாவது தீவில் காலரக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அதனால் தனியாகத் திரும்பினாள். பலகையருகே நின்ற கப்பல்காரர் அப்போது ஒரு கிழவரைப் படகிலிருந்து கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டிருந்தார். இவள் கையை யாரும் பார்க்கவில்லை. அறைக்கு வந்தாள். பூட்ஸைக் கழற்றிக் கதவுக்கு வெளியே இருந்த தட்டில் வைத்தாள். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு, குறுகலான கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தாள். மணி இரண்டரை. அடுத்த படகில் காஜா வந்துவிடுவாள், வந்ததும் அறையை நிறைத்துப் பறவைக் கதை பேசுவாள், அதற்குள் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று நினைத்தாள்.

கட்டில் அதிர்ந்து விழித்துக்கொண்டாள். கப்பலின் வயிற்றுக்குள் யாரோ இரும்பை அரைக்கிற மாதிரி சத்தம். நங்கூரச் சங்கிலியை இழுக்கிறார்கள். மணி மூன்று ஐம்பது. வட்ட ஜன்னலுக்கு வெளியே கடலும் இல்லை, தீவும் இல்லை, வெறும் வெள்ளை. எதிர்க்கட்டிலில் காலையில் விரித்த விரிப்பு ஒரு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருப்பாள் என்று அங்கே போனாள். இல்லை. மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று போனாள். காற்று முகத்தில் அறைந்தது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. இறங்கி வந்து வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். அவள் தொலைபேசியில் யாரையோ கேட்டுவிட்டு, "எழுபத்தொன்பதும் பச்சைதாம்மா. எல்லாமே பச்சை. வானிலை மோசமாகுதுன்னு கடைசிப் படகைச் சீக்கிரமே எடுத்துட்டாங்க. எல்லாரும் வந்தாச்சு. இங்கேதான் எங்கேயாவது இருப்பாங்க" என்றாள்.

அப்பாடா என்று இருந்தது காலரக்காவுக்கு. நிஜமாகவே அப்பாடா என்று மூச்சுவிட்டாள். திரும்பி நாலு அடி நடந்தாள். ஐந்தாவது அடி வரவில்லை. கீழே பலகை இருந்த இடத்துக்கு இறங்கினாள், கதவை அடைத்திருந்தார்கள், விளக்கு மட்டும் எரிந்தது. எழுபத்தெட்டும் எழுபத்தொன்பதும் ஒட்டிக்கொண்டு பச்சையாகத் தொங்கின. தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். கை ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மேலே ஓடி வந்தபோது அவள் வாயிலிருந்து, "அவ எங்கேயும் இல்லம்மா, ரூம்ல இல்ல, கீழ இல்ல, மேல இல்ல" என்பதுதான் வந்தது. காரணம் வரவில்லை. வரவேற்புப் பெண் ஒலிபெருக்கியில் மூன்று முறை அழைத்தாள். எழுபத்தொன்பதாம் எண் பயணி உடனே வரவும். யாரும் வரவில்லை. எண்ணைக் கேட்டதுமே சலவை அறையிலிருந்து மகள் ஈரக் கையோடு ஓடி வந்தாள். கப்பலின் இரண்டாவது அதிகாரியும் வந்தார். நெட்டை மனிதர், மழைச் சட்டையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவங்க வில்லை பச்சையா இருக்கு. அவங்களே திருப்பினாங்களா? நீங்க பாத்தீங்களா?"

இந்தக் கேள்வியை இதற்கு முன் ஒருவர் அவளிடம் கேட்டிருக்கிறார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அன்றைக்குச் சொன்ன பதில் அவள் நாக்கிலேயே இத்தனை வருஷமும் உட்கார்ந்திருக்க வேண்டும். யோசிக்கக்கூட இல்லை.

"அவளே திருப்பினதைப் பாத்தேன்" என்றாள்.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "அப்போ கப்பலுக்கு வந்தாச்சு" என்றார் மெதுவாக. "வந்தவங்க கப்பல்ல இல்லைன்னா..." வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இடுப்பிலிருந்த கருவியை எடுத்துப் பேச ஆரம்பித்தார். எல்லா அறைகளையும் திறந்து பார்க்கச் சொன்னார். கப்பலின் வேகத்தைக் குறைக்கச் சொன்னார். இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தித் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். தீவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசுவார்? தீவில் யாரும் இல்லை என்று பலகை சொல்கிறது. பலகை சொல்வது சரிதான் என்று கூட வந்தவளும் சொல்லிவிட்டாள்.

"அம்மா," மகள் அவள் தோளைப் பிடித்தாள். "அத்தை வந்ததை நீ உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேங்கிறேன்ல."

சொல்லிவிட்டாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அடுத்ததைச் சொல்வதற்குச் சிரமமே இல்லை. முழங்கால் வலிக்காரிக்கும் அதில் சிரமம் இருக்காது. சாப்பாட்டுக் கூடத்தின் நாற்காலி ஒன்றில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். யாரோ போர்வை போர்த்தினார்கள். பயணிகள் ஜன்னலோரம் கூடி நின்று வெள்ளைப் பனியைத் துழாவினார்கள். ஓர் அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொருத்தியிடம், "பாவம், தண்ணியில விழுந்துட்டாங்களாம். இந்தக் குளிர்ல எத்தனை நிமிஷம் தாங்கும்" என்றாள். காலரக்கா அதைக் கேட்டாள். தான் அவிழ்த்துவிட்ட பொய் இரண்டு தளம் சுற்றிவிட்டு, அழுதுகொண்டே தன் முன்னால் வந்து நிற்பதைப் பார்த்தாள்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காஜாவின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். காலரக்கா ஏழு மணிக்கு இரண்டு கார்டையும் அடித்துவிட்டாள். காஜா எட்டு மணிக்கு வந்தாள். வாசலில் வாட்ச்மேன் நேரத்தைக் குறித்துக்கொண்டான். விசாரணை வைத்தார்கள். மேனேஜர் கேட்டார், கார்டை யார் அடித்தது என்று. "அவளே அடிச்சதைப் பாத்தேன் சார்" என்றாள் காலரக்கா. அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காஜா ஏழு மணிக்கு வந்து அடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் வெளியே போய், எட்டு மணிக்குத் திரும்பி வந்தாள் என்று ஆகிவிட்டது. எதிரில் நின்ற காஜா ஒரே ஒருமுறை அண்ணியைப் பார்த்தாள். "ஆமா சார், வெளியே போனேன்" என்று ஒப்புக்கொண்டாள். மூன்று மாதம் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த மூன்று மாதம் காஜா வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எதிர்வீட்டுக்காரியான காலரக்காவுக்குத் தெரியும்; கிண்ணத்தில் குழம்பும் கொடுத்து அனுப்பினாள். ஒரு வார்த்தை மட்டும் பேசவில்லை. காஜாவும் பேசவில்லை. வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரமே ஒருத்தி கார்டை மற்றவள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதுதான் இதில் வேடிக்கை. வேடிக்கை என்று வெளியே நிற்கிற நமக்குச் சொல்லலாம்.

காலரக்கா போர்வையை உதறிவிட்டு எழுந்தாள்.

மகளைத் தேடினாள், கண்ணில் படவில்லை. அதிகாரியைத் தேடினாள், அவர் மேலே போயிருந்தார். மேலே போக மூன்று படிக்கட்டு. முதலாவதில் முழங்கால் முனகியது, இரண்டாவதில் அலறியது, மூன்றாவதைக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறினாள். பயணிகள் வரக் கூடாது என்று எழுதியிருந்த கதவைத் தள்ளினாள். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. வெளியே பனி, உள்ளே கேப்டனும் அந்த நெட்டை அதிகாரியும் இன்னும் இருவரும். கேப்டன் குள்ளமான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"அம்மா, நீங்க இங்கே வரக் கூடாது" என்றார் அதிகாரி.

"அவ கப்பலுக்கே வரல. தீவுலதான் இருக்கா. வில்லையை நான்தான் திருப்பினேன்" என்றாள் காலரக்கா. ஒரே மூச்சில் சொன்னாள். நிறுத்தினால் வாய் மாற்றிச் சொல்லிவிடும் என்று அவளுக்கு அவள் மேலேயே பயம்.

கேப்டன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"கீழே வேற மாதிரி சொன்னீங்களாமே."

"பொய் சொன்னேன்."

"இப்போ சொல்றது?"

"நிஜம்."

"அம்மா, கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க," என்றார் கேப்டன். கோபம் இருந்தது, குரல் மட்டும் உயரவில்லை. "அவங்க தண்ணியில இருந்தா இன்னும் சில நிமிஷம்தான். உங்க பேச்சைக் கேட்டு நான் கப்பலைத் தீவுப் பக்கம் திருப்பினா, இங்கே தேடறது நின்னுபோகும். நீங்க மறுபடி பொய் சொல்லியிருந்தா அவங்களை நாமதான் கொன்னோம்னு ஆகும். புரியுதா? ஏற்கெனவே ஒரு தடவை சொன்ன ஆள் நீங்க. நான் எப்படி நம்பறது?"

வாழ்நாளில் முதல் தடவையாகக் காலரக்கா உண்மையைச் சொல்ல மாடி ஏறி வந்திருக்கிறாள், அது விலை போகவில்லை. கடவுளே என்றாள். என் கை, என் கை என்றாள். பிறகு அவளுக்குப் பூட்ஸ் ஞாபகம் வந்தது.

"அவ பூட்ஸ் இல்ல," என்றாள். "ரூம் கதவுக்கு வெளியே என்னோட பூட்ஸ்தான் இருக்கு. அவளோடது இல்ல. அவ வந்திருந்தா அங்கே வச்சிருப்பா. சேத்துக் காலோட ரூமுக்குள்ள நுழையற ஜென்மம் இல்ல அவ. என்னையே நுழைய விடமாட்டா. போய்ப் பாக்கச் சொல்லுங்க. கப்பல் பூரா தேடச் சொல்லுங்க, அந்த ஜோடி எங்கேயும் இருக்காது."

அதிகாரி கருவியில் யாரிடமோ கேட்டார். பதில் வர ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. பதிலாக வந்தது அவள் மகளின் குரல். "அத்தை பூட்ஸ் இல்ல சார். பூட்ஸ் கழுவற இடத்துலயும் பாத்துட்டேன்."

கேப்டன் கப்பலைத் திருப்பச் சொன்னார். தண்ணீரைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கட்டும் என்றும் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே, "நீரோட்டம் மாறப் போகுது. விரிகுடா வாய்க்குப் போனதும் எனக்கு இருபது நிமிஷம் கிடைக்கும். ஒரு படகு இறக்குவேன். அதுக்குள்ள கிடைச்சா சரி. இல்லைன்னா காலையிலதான். காத்து ஏறினா படகையே இறக்க முடியாது. தெரிஞ்சுக்கோங்க" என்றார்.

காஜாவுக்கு ஐம்பத்தாறு வயசு, உடம்பில் ஒரு ஸ்வெட்டர், இடுப்பில் ஒரு தண்ணீர்ப் பாட்டில். காலையில் என்றால் என்ன என்று காலரக்காவுக்கு விளக்கத் தேவை இருக்கவில்லை.

படகுக் கதவுக்குப் பக்கத்தில், அந்தப் பலகைக்கு எதிரே போய் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. கப்பல் நிமிஷத்துக்கு ஒருமுறை ஊதியது. தீவில் இருப்பவளுக்குக் கேட்கட்டும் என்று ஊதுகிறார்கள் என மகள் சொன்னாள். மூக்கு உரிந்த வழிகாட்டிப் பெண் பெரிய விளக்கொன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. "கடைசிப் படகுல ஏறும்போது கப்பலைக் கேட்டேன். எங்க படகுல இருந்தவங்களைத் தவிர எல்லாம் பச்சைன்னாங்க. பச்சைன்னதும் வந்துட்டேன்" என்று யாரும் கேட்காமலே சொன்னாள். சொல்லிக்கொண்டே எழுபத்தொன்பதை மறுபடி சிவப்பாக்கினாள். காலரக்காவை அவள் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது இவளுக்கு.

படகை இறக்கினார்கள். அலை அதைத் தூக்கி ஒருமுறை கப்பல் சுவரில் மோதியது. இரண்டாவது முறை விலகிக்கொண்டு ஓடியது. பத்து அடி போவதற்குள் பனி அதை விழுங்கிவிட்டது. சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

காலரக்கா மகளின் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். நாலு நிமிஷம். மறுபடி பார்த்தாள். ஆறு. ஏழு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டக் கூடாது என்று ஓடிய ஓட்டமெல்லாம் ஓட்டமே இல்லை. பதினொன்று ஆனபோது மகள் சன்னமாகக் கேட்டாள்.

"ஏம்மா பாத்தேன்னு சொன்னே?"

"தெரியலடி."

"தெரியாம எப்படிச் சொல்லுவே?"

"சொல்லிப் பழக்கம்," என்றாள் காலரக்கா. அவளிடம் இருந்த பதில் அவ்வளவுதான். மகள் கையை விடுவித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, மறுபடி கையை அம்மாவிடம் கொடுத்தாள்.

பதினாறாவது நிமிஷம் கருவி கரகரத்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. காற்றுதான் பேசியது. பிறகு வழிகாட்டியின் குரல் துண்டு துண்டாக வந்தது. இருக்காங்க. நடக்கறாங்க. வரோம். காலரக்கா அப்படியே இரும்புத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். 

காஜாவை நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, தலைமுடி முழுக்க நீர் முத்து. "சொன்ன மாதிரியே செஞ்சிருக்காங்க," என்று வழிகாட்டி அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். "பனி இறங்கினப்போ நாங்க பாதைக்கு நட்ட எந்தக் கம்பத்துக்கிட்ட இருந்தாங்களோ அங்கேயே ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னிருக்காங்க. ஒரு அடி நகரல. நகர்ந்திருந்தா பாறைதான்." காஜா நேரே நடந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். விரல் வளையாததால் மணிக்கட்டால் தள்ளித் தள்ளி, தன் வில்லையைத் தானே பச்சையாக்கினாள். எல்லோரும் அதுவரை பொறுத்திருந்தார்கள். பிறகு அவள் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். ஒரே ஒருமுறைதான் பார்த்தாள். அந்தப் பார்வை காலரக்காவுக்குப் புதிதல்ல.

கப்பல் டாக்டர் பார்த்துவிட்டு, பயமில்லை, சூடாக வைத்திருங்கள் என்று சொல்லிப் போனார். மகள் சலவை அறையிலிருந்து சுடச்சுடத் துண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, இன்னும் எடுத்துவரக் கீழே போனாள். அறையில் இருவர்தான். காஜா மூன்று போர்வைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெந்நீர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்திருந்தாள்.

"நான் நின்ன இடத்துக்கே சத்தம் கேட்டுது அண்ணி," என்றாள். "சங்கிலி இழுக்கற சத்தம். கேட்ட உடனே தெரிஞ்சுபோச்சு. நீங்க என்னோடதையும் திருப்பிட்டீங்கன்னு."

காலரக்கா எதிர்க்கட்டிலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அதுக்குப் பயப்படல நான். கை பழக்கம், என்ன செய்ய முடியும்? ரூம்ல என்னைக் காணோம்னு தேடுவீங்க, தெரிஞ்சுடும், கப்பல் திரும்பிடும்னு கணக்குப் போட்டேன். அப்புறம்தான் பயம் பிடிச்சுது." காஜா ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். "தெரிஞ்சாலும் நீங்க சொல்லமாட்டீங்களேன்னு."

"சொன்னேன்டி."

"உடனே சொன்னீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். கேப்டன் இங்கே வந்து சாட்சி சொல்லப்போவதில்லை. மகளிடமும் எடுத்துச் சொன்னால் வாயைத் திறக்கமாட்டாள். அந்த வார்த்தை காலரக்காவின் நாக்கு நுனி வரை வந்தும்விட்டது.

"இல்ல," என்றாள். "முதல்ல, அவளே திருப்பினதைப் பாத்தேன்னு சொன்னேன். உன்னைத் தண்ணியில தேடினாங்க. அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். அதுக்கப்புறம்தான் போய்ச் சொன்னேன்."

காஜா கோப்பையைக் கீழே வைத்தாள். "அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க," என்றாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னாள். குரலில் சூடில்லை, களைப்புத்தான் இருந்தது.

"ஆமா. அன்னிக்கும் நான்தான் அடிச்சேன். சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு பயந்துட்டேன். உன் வீட்டுப் பிள்ளைங்க மூணு மாசம்..."

பரவாயில்லை என்று காஜா சொல்லவில்லை. போகட்டும் விடுங்க என்றும் சொல்லவில்லை. வெகுநேரம் வட்ட ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடையில் நின்றது. துடைக்கக் கை வரவில்லை.

காலரக்கா எழுந்து போய் அவள் காலடியில் உட்கார்ந்தாள். ஈரக் காலுறைகளைக் கழற்றினாள். பாதங்கள் ஐஸாக இருந்தன. சூடான துண்டால் சுற்றி, மடியில் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வயசில் மூத்தவள், அண்ணன் பெண்டாட்டி. வேறொரு நாளாக இருந்தால், என்ன அண்ணி இது என்று பதறிக் காலை இழுத்துக்கொண்டிருப்பாள் காஜா. அன்றைக்கு இழுத்துக்கொள்ளவில்லை.